ஜப்பானில் சுஷிக்கு வரிசையில் நிற்கலாமா? வன்னியிலிருந்து முதல்தரம் போகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு பின்னேரம் பக்கத்து வளவுத் தம்பி போனும் கையுமாக வந்து விறாந்தையில் குந்தினான். ஜப்பான் விசா வந்துவிட்டது, கட்டுநாயக்காவிலிருந்து நரிட்டாவுக்கு ரிக்கற்றும் எடுத்தாயிற்று. வாடகை, குளிர், ரயில் என்று எதையாவது கேட்பான் என்று பார்த்தால் ஒரு வீடியோவைக் காட்டினான். டோக்கியோவில் ஒரு சுஷிக் கடை. வாசலிலிருந்து தெரு மூலை வரைக்கும் ஆக்கள்.

"அக்கா, இதில மூண்டு மணித்தியாலம் நிண்டுதான் சாப்பிடுகினமாம். நானும் நிக்கவோ?"

வேலிக்கு அங்கால் நின்ற அவனுடைய தாய்க்குக் காது கூர்மை. "பச்சை மீனுக்கோ மூண்டு மணித்தியாலம்?" என்றார். எங்கள் அம்மம்மா அதற்கும் மேலே போனார்: "ஜப்பான் மீன்தானே வேணும், இரணைமடுவுக்குப் போகச் சொல்லு." எங்கள் குளங்களில் பிடிபடுகிற திலாப்பியாவுக்கு ஜப்பான் மீன் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அந்த மீனின் பூர்வீகம் ஆப்பிரிக்கா.

நான் படிக்கப் போய் இரண்டு வருடம் டோக்கியோவில் இருந்தவள். அவனுக்குச் சொன்ன பதில் ஒரு வரிதான்: முதலாவது சுஷிக்கு வரிசையில் நிக்காத, அஞ்சாவது சுஷிக்கு வேணுமெண்டா நில். அவனுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தி முடிக்க இரவுச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து படிக்கவும் பராமரிப்பு வேலைக்கும் போகிற பிள்ளைகள், கனடாவிலிருந்து ஊருக்கு வருகிற வழியில் டோக்கியோவில் ஒரு நாள் இறங்கி நிற்கிற சொந்தக்காரர் எல்லாரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

வரிசையைக் கண்டதும் போய் நிற்க வேண்டாம்

எங்கள் ஆக்களுக்கு வரிசை என்றால் ஒரே அர்த்தம்தான்: சாமான் போதாது. 2009இல் செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் நின்றோம். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நின்றோம். முன்னுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமலே பின்னுக்குப் போய் நின்றுவிட்டு, பிறகு முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டி "என்ன குடுக்கினம்?" என்று கேட்டவர்கள் நாங்கள். நிற்காவிட்டால் முடிந்துவிடும் என்ற பதற்றம் காலிலேயே ஊறிப்போய்க் கிடக்கிறது.

டோக்கியோ வரிசை அந்தச் சாதி இல்லை. சுஷிக்கு அங்கே தட்டுப்பாடு கிடையாது. ஒரு கடையின் பெயர் எடுபட்டுவிட்டது, அதனால் அங்கே ஆக்கள் நிற்கிறார்கள். அடுத்த தெருவில் காத்திருக்காமலே சாப்பிடலாம் என்று நன்றாகத் தெரிந்தும் நிற்கிறார்கள். அப்பாவிடம் இதை போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தத்தைக் காணவில்லை. பிறகு, "காசும் குடுத்து வரிசையிலயும் நிக்கிறதோ?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலை இது: வரிசையைக் கண்டால் கடந்து போங்கள். ஐம்பது அடி தள்ளி நின்று, அது என்ன வகைக் கடை, உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று பாருங்கள். அதன் பிறகு யோசிக்கலாம்.

சாப்பிடப் போவது சோறு

சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் சுஷிக்கு வேண்டியது புளிப்பான சோறு. சோறில்லாமல் மீன் துண்டை மட்டும் வைத்தால் அதற்குப் பெயர் சஷிமி. சுஷி என்ற சொல்லின் வேரே புளிப்பு. ஆதியில் மீனை உப்பிட்டுச் சோற்றுக்குள் அடைத்து மாதக்கணக்கில் புளிக்க விட்டிருக்கிறார்கள். பீவா ஏரிப் பக்கத்தில் இன்றைக்கும் 'ஃபுனாசுஷி' என்று அப்படிச் செய்கிறார்கள். பழஞ்சோறும் கருவாடும் தெரிந்த மூக்குக்கு அந்த மணம் அவ்வளவு அந்நியமாகப் படாது.

பிறகு எடோ நகரத்து ஆக்களுக்கு, அதாவது பழைய டோக்கியோக்காரருக்கு, மாதக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை இருக்கவில்லை. சோற்றில் வினாகிரியைக் கலந்து புளிப்பை உடனே வரவழைத்தார்கள். கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டை வைத்து விற்கிற வழக்கத்தை 1820களில் ஹனாயா யோஹெய் என்ற வியாபாரி பிரபலமாக்கினார் என்று சொல்வார்கள். அது தெருவோரத் தட்டுக்கடைச் சாப்பாடு. முறிகண்டியில் பஸ் நிற்கிற நேரத்துக்குள் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திக் கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறுகிறோமே, அந்த வேகத்தில் இரண்டை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். காத்திருக்க நேரமில்லாதவனுக்காக வந்த சாப்பாட்டுக்குத்தான் இன்றைக்கு மூன்று மணித்தியாலம் நிற்கிறார்கள்.

சோற்றைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மொட்டைக்கறுப்பனையும் சம்பாவையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லுகிற ஊர். ஆனால் அவர்களுடைய அரிசி கட்டையானது, ஒட்டும். சோற்றில் வினாகிரி, உப்பு, கொஞ்சம் சீனி சேர்த்து, ஆறவும் விடாமல் சுடவும் விடாமல் உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். முதல் மூன்று நாலு தரம் எங்கள் நாக்கு இந்தச் சோற்றோடு மல்லுக்கட்டவே நேரம் போதாது. நல்ல கடைச் சோறு எது, சாதாரணக் கடைச் சோறு எது என்று அந்தக் கட்டத்தில் பிரிக்க ஏலாது. முதலாவது சுஷிக்கு நிற்காதே என்று தம்பிக்குச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பரீட்சை எழுதுகிற ஆளுக்கு இன்னும் எழுத்தே தெரியாது.

மீனைப் பற்றியும் ஒன்று. முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் ஏறுகிற நேரம் பார்த்துத் துடிக்கத் துடிக்க வாங்கிப் பழகின எங்களுக்கு, புதிய மீனே நல்ல மீன். சுஷியில் எப்போதும் அப்படி இல்லை. எங்கள் சூரைக்குப் பெரிய தமையன் மாதிரி இருக்கிற நீலத்துடுப்புச் சூரையை வெட்டிக் குளிரில் நாள்கணக்கில் வைத்துப் பதம் வந்த பிறகு எடுக்கிற கடைகள் உண்டு. ஆழ்கடலில் பிடிபடுகிற சூரையில் பெரும்பங்கைக் கப்பலிலேயே பூச்சியத்துக்குக் கீழே 60 பாகையில் உறைய வைத்துத்தான் கொண்டு வருகிறார்கள். அதனால் "சந்தைக்குப் பக்கத்தில இருக்கிற கடை, மீன் புதுசா இருக்கும்" என்று நினைத்துச் சந்தை வரிசையில் நிற்பதில் பெரிய நியாயமில்லை. 2019 புதுவருட ஏலத்தில் டோக்கியோவின் டொயோசு மீன் சந்தையில் 278 கிலோச் சூரை ஒன்று 33 கோடியே 36 இலட்சம் யெனுக்குப் போனது. அந்தச் செய்தியைப் பார்த்த சூட்டோடு சந்தைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. அது விளம்பரத்துக்கு எடுத்த மீன், உங்கள் தட்டுக்கு வருகிற மீனின் விலையோடு அதற்குச் சம்பந்தமில்லை.

கடையின் வகையைப் பாருங்கள்

மேசைகளுக்குப் பக்கத்தால் நகருகிற பட்டியில் சுஷித் தட்டுகள் ஓடுகிற கடைதான் தொடங்குவதற்குச் சரியான இடம். 1958இல் ஒசாகாவுக்குப் பக்கத்தில் ஷிராய்ஷி யோஷியாக்கி என்பவர், பியர்த் தொழிற்சாலையில் போத்தல்கள் பட்டியில் நகர்வதைப் பார்த்துவிட்டு இந்த யோசனையைப் பிடித்தார். இன்றைக்கு சுஷிரோ, குரா, ஹமா என்று நாடெங்கும் கிளைகள். ஒரு தட்டில் வழக்கமாக இரண்டு துண்டு, விலை 120 யென் அளவில் தொடங்கும். ஒரு யென் ஏறத்தாழ எங்கள் இரண்டு ரூபாய் என்று வையுங்கள். 2023இல் ஒரு பொடியன் சோயாசோஸ் போத்தலை நக்கி வீடியோ போட்டுப் பெரிய அமளியானதற்குப் பிறகு, பல கிளைகளில் தட்டுகள் சும்மா சுற்றுவது நின்றுவிட்டது. திரையில் தொட்டால் உங்கள் மேசைக்கு நேரே வந்து நிற்கும். திரையை ஆங்கிலத்துக்கு மாற்றலாம். ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. கூச்சப்படுகிற எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

நின்றுகொண்டே சாப்பிடுகிற கடைகள் ரயில் நிலையங்களுக்குக் கிட்ட இருக்கும். கதிரை இல்லாததால் ஆக்கள் விரைவாகக் கிளம்பிவிடுவார்கள். இவற்றில் வரிசை இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

சந்தைக் கடைகள்தான் வீடியோக்களில் வருபவை. இங்கே ஒரு குழப்பம். பழைய ட்சுகிஜிச் சந்தையின் மொத்த வியாபாரமும் ஏலமும் 2018 அக்டோபரில் டொயோசுவுக்குப் போய்விட்டன. அங்கேயிருந்த புகழ்பெற்ற சுஷிக் கடைகள் சிலவும் கூடவே போயின. ட்சுகிஜியில் இப்போது இருப்பது வெளிச்சந்தை. பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு விடியப்புறம் தவறான சந்தைக்குப் போய் நிற்கிற ஆக்களை நான் கண்டிருக்கிறேன். டொயோசுவுக்கு யூரிகமொமே ரயிலில் ஷிஜோமாயே நிலையத்தில் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் சில புதன்கிழமைகளும் சந்தை பூட்டு, நாள்காட்டியைப் பார்த்துவிட்டே போங்கள். சமையற்காரர் தாமே தெரிந்து தருகிற 'ஒமகசே' இங்கே 4,000 யெனிலிருந்து 6,000 யென் அளவில் இருக்கும்.

கடைசி வகை, முன்பதிவு செய்தால் மட்டும் உள்ளே விடுகிற சிறிய கடை. டோக்கியோவின் கின்சாப் பகுதியில் நிலத்தடியில் இருக்கிற சுகியாபாஷி ஜிரோவில் பத்து இருக்கைதான். மிஷெலின் என்ற உணவகக் கையேட்டில் மூன்று நட்சத்திரம் வைத்திருந்த கடையை 2019இல் அந்தக் கையேட்டுக்காரர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். சாப்பாடு கெட்டுப்போனதால் இல்லை, பொதுமக்கள் சாதாரணமாகப் பதிந்து போக முடியாத கடை என்பதால். இப்படியான இடங்களில் வாசலில் நின்று ஒரு பயனும் இல்லை. விலையும் 20,000, 30,000 யென் என்று போகும். பதிந்துவிட்டுப் போகாவிட்டால் காசைக் கழிப்பார்கள்.

வரிசைக் கணக்கு

வரிசையின் நீளத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. உள்ளே எத்தனை இருக்கை, ஓராள் எவ்வளவு நேரம் இருப்பார் என்ற இரண்டும் தெரிந்தால் போதும், மிச்சம் ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

பன்னிரண்டு இருக்கை உள்ள சந்தைக் கடை. எல்லாரையும் ஒரேயடியாக உள்ளே எடுத்து, முக்கால் மணித்தியாலத்தில் அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். உங்களுக்கு முன்னால் நாற்பது பேர். பன்னிரண்டு, இருபத்துநாலு, முப்பத்தாறு போக நீங்கள் நாலாவது கூட்டத்தில். குறைந்தது இரண்டேகால் மணித்தியாலம், கூடினால் மூன்று. அதே நாற்பது பேர் நூறு இருக்கை உள்ள பட்டிக் கடை வாசலில் நின்றால், நாற்பது நிமிடத்துக்கு ஒருதரம் இருக்கை மாறுகிற கடையில் கால் மணித்தியாலம் சொச்சத்தில் உள்ளே போய்விடலாம். பார்வைக்கு இரண்டு வரிசையும் ஒரே நீளம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 2024 அக்டோபரில் டோக்கியோவின் ஆகக் குறைந்த மணித்தியாலக் கூலி 1,163 யென். மாணவர் விசாவில் போகிறவர் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 28 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றால் ஏறத்தாழ 3,500 யென் வேலைநேரம் கரைந்துபோகிறது. அந்தக் காசுக்குப் பட்டிக் கடையில் வயிறு முட்ட இரண்டு தரம் சாப்பிடலாம். இதைச் சொன்னபோதுதான் தம்பி போனைக் கீழே வைத்தான்.

வழியில் ஒரு நாள் மட்டும் இறங்குகிற உறவினருக்குக் கணக்கே தேவையில்லை. நரிட்டாவிலிருந்து நகரத்துக்குப் போய்வரவே இரண்டு மூன்று மணித்தியாலம் போய்விடும். விமான நிலையத்துக்குள்ளேயே சுஷிக் கடை இருக்கிறது, அங்கே சாப்பிடுங்கள்.

நான் நின்ற மூன்றே முக்கால் மணித்தியாலம்

எல்லாம் தெரிந்த ஆள் மாதிரி எழுதுகிறேனே தவிர, நானும் நின்றவள்தான். போய்ச் சேர்ந்த மூன்றாம் கிழமை, மாசிக் குளிர், முதல் ரயிலில் சந்தைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். எனக்கு முன்னால் ஐம்பது பேரளவில். பரந்தன் வெயிலில் வளர்ந்த உடம்பு, கையுறையும் இல்லை. ஒரு மணித்தியாலம் போன பிறகு கால் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கும்போதெல்லாம், "இவ்வளவு நேரம் நிண்டாச்சு, இனி என்ன" என்று ஒரு குரல். காஸ் வரிசையில் எல்லாரையும் நிற்க வைத்த அதே குரல்.

உள்ளே போனேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் நான் எதை ருசித்தேன் என்று கேட்டால், சூடான தேத்தண்ணீர் என்றுதான் உண்மையாகச் சொல்லுவேன். பக்கத்தில் இருந்த கிழவர் ஒவ்வொரு துண்டையும் வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஒருமுறை சமையற்காரரிடம் ஏதோ கேட்க, அவர் தலையைக் குனிந்து சிரித்தார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஒன்று நடந்தது. எனக்கு அது விளங்கவில்லை. சோற்றில் வினாகிரி மாறியிருக்கிறது என்று அவர் சொன்னாரோ, மீன் இன்றைக்கு விசேஷம் என்றாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அந்த ஆளுக்கு அந்த வரிசை தகும். எனக்கு அன்றைக்குத் தகாது.

வெளியே வந்தால், அதே கட்டடத்தில் நாலு கடை தள்ளி இன்னொரு சுஷிக் கடை. ஆறு பேர்தான் வாசலில். மீன் வாங்குவது அதே சந்தையில். ஒரு வருடம் கழித்து அந்தக் கடைக்குப் போனேன், இருபது நிமிடம் நின்றேன். நாக்கு அதற்குள் கொஞ்சம் படித்திருந்தது. ஊறப்போட்ட கானாங்கெளுத்தித் துண்டு ஒன்றில் உப்பு முதலில் வந்து புளிப்புப் பிறகு வந்தது. அதை இப்போதும் நினைவு வைத்திருக்கிறேன்.

காத்திருப்பைக் குறைக்கிற வழி

பட்டிக் கடைகள் பெரும்பாலும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். கிழமை நாளில் பின்னேரம் இரண்டரையிலிருந்து நாலரைக்குள் போனால் நேரே உள்ளே. சனி, ஞாயிறு இரவில் குடும்பம் குடும்பமாக வருவார்கள், அப்போது ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் போகும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் கிழமை வரைக்கும், ஓகஸ்ட் நடுப்பகுதி, புதுவருடம் ஆகிய மூன்று காலமும் நாடே விடுமுறையில் இருக்கும். அந்த நாட்களில் பெயர்பெற்ற கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

பெரிய கிளைக் கடைகளுக்குச் செயலி இருக்கிறது. அறையில் இருந்துகொண்டே இலக்கம் எடுத்துவிட்டு, முறை வரும் நேரத்துக்குப் போகலாம். கடை வாசலில் இயந்திரம் இருந்தால் துண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இலக்கத்தைக் கூப்பிடும்போது நீங்கள் இல்லையென்றால் முறை போய்விடும். ஜப்பானிய மொழியில்தான் கூப்பிடுவார்கள், ஆகவே உங்கள் இலக்கத்தை அந்த மொழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

சில கடைகளில் தாளில் பெயரை எழுத வேண்டும். எங்கள் பெயர்களின் நீளத்துக்கு அந்தக் கட்டம் போதாது. சுருக்கி எழுதுங்கள், அவர்களுடைய கதக்கானா எழுத்தில். சிவ என்று தொடங்குகிற பெயர்க்காரருக்கு ஒரு எச்சரிக்கை: 'வ' அவர்கள் வாயில் 'ப' ஆகிவிடும், "ஷிபா சமா" என்று கூப்பிடுவார்கள். ஷிபா என்பது அங்கே நாய்ச் சாதி ஒன்றின் பெயரும். கூட இருக்கிறவர்கள் கிழமைக்கணக்கில் விடமாட்டார்கள்.

தனியாகப் போனால் இடம் விரைவாகக் கிடைக்கும். "ஹிதோரி" என்றால் ஓராள், "ஃபுதாரி" என்றால் இரண்டு பேர். "நம்புன் மாச்சி தெசு கா?" என்று கேட்டால் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஒராளை நிறுத்திவிட்டு ஐந்து பேர் பிறகு வந்து சேருகிற எங்கள் ஊர்ப் பழக்கம் அங்கே எடுபடாது. சத்தம் போடமாட்டார்கள். ஆனால் பின்னால் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் நீங்களே விலகிப் போய்விடுவீர்கள்.

மச்சம் சாப்பிடாதவர்கள், விரதக்காரர்

வெள்ளிக்கிழமை பிடிக்கிற பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டின கப்பாமாகி, புளித்த சோயா வைத்த நாத்தோமாகி பெரும்பாலான கிளைக் கடைகளில் உண்டு. நாத்தோ நூல் நூலாக இழுபடும், சொல்லிவைத்தேன். ஆனால் கவனம்: முட்டைப் பொரியல், இனிப்பான பொரித்த டோஃபுப் பைக்குள் (சோயாக் கட்டி) சோறு வைத்த இனாரி, சூப், இவற்றில் வழக்கமாக 'தாஷி' என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் காய்ந்த சூரையிலிருந்து வருவது. எங்கள் மாசி இருக்கிறதே, சம்பலுக்கு இடிக்கிற மாசி, அதற்கு அவர்கள் நாட்டு உடன்பிறப்பு. 'கட்சுவோபுஷி' என்று பெயர். முதல்தரம் கடையில் அந்த மணம் வந்தபோது அம்மாவின் உரலடிக்குப் போய் வந்தேன். சில சோயாசோஸிலும் மீன் சாறு கலந்திருக்கலாம். கடுஞ்சைவம் என்றால் சுஷிக் கடை வரிசை உங்களுக்கில்லை. முஸ்லிம் நண்பர்கள் சோற்றில் கலக்கிற வினாகிரியையும் மிரினையும் பற்றிக் கேட்டுவிட்டே சாப்பிடுவார்கள். மிரின் மதுசாரம் உள்ளது.

இருக்கை கிடைத்தபின்

எங்கள் ஆக்கள் சாப்பிட முன் கை கழுவக் குழாய் தேடுவார்கள். பட்டிக் கடை மேசையில் ஒரு கறுப்புக் குழாய் இருக்கும், அமுக்கினால் தண்ணீர் வரும். தயவுசெய்து அதில் கை கழுவ வேண்டாம். அது தேத்தண்ணீருக்கான கொதிநீர், கை வெந்துபோகும். கை துடைக்க ஈரத்துணி தருவார்கள். பக்கத்தில் டப்பாவில் இருக்கிற பச்சைத் தூள் தேயிலைத் தூள், வசாபி என்று நினைத்து மீனில் தடவுகிறவர்களும் உண்டு.

வசாபியோடு வீரம் காட்டாதீர்கள். கொச்சிக்காய் நாக்கைப் பிடிக்கும், இது மூக்கால் ஏறி மண்டைக்குள் போகும். கிளைக் கடைகளில் அதைத் தனிப் பைக்கற்றில்தான் வைத்திருப்பார்கள். மற்ற இடங்களில் வேண்டாமென்றால் "சபி நுகி" என்று சொன்னால் போதும். கையால் எடுத்துச் சாப்பிடலாம், ஒருவரும் ஒரு மாதிரிப் பார்க்கமாட்டார்கள். சோயாசோஸில் மீன் பக்கத்தைத் தொடுங்கள், சோற்றைத் தோய்த்தால் உதிர்ந்துவிடும். ரிப்ஸ் கொடுக்கிற பழக்கமில்லை. வரிசை இருக்கிற சிறிய கடையில் சாப்பிட்டு முடித்ததும் எழும்பிவிடுங்கள், வெளியே இன்னொருவருக்குக் கால் விறைத்துக்கொண்டிருக்கும்.

திரும்பி வந்தபின் ஒன்று. ஊரில் சந்தையில் வாங்கின சூரையை வெட்டிப் பச்சையாகச் சாப்பிட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம். மீனில் அனிசாக்கிஸ் என்ற புழு இருக்கலாம். அதைக் கொல்லக் கடும் குளிரில் உறைய வைக்க வேண்டும், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நம்பேலாது. வெயிலில் கிடந்த சூரை வேறு விதமாகவும் நஞ்சாகும். வெயிலில் கிடக்காத சூரையாகப் பார்த்து வாங்கிக் குழம்பே வையுங்கள்.

சரி, எப்போது நிற்கலாம்?

நாலைந்து தரம் விதம்விதமான கடைகளில் சாப்பிட்ட பிறகு, இந்த மீன் எனக்குப் பிடிக்கும், இந்தச் சோறு எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்கே சொல்லத் தெரியும்போது நில்லுங்கள். அப்போதும் ஒரு மணித்தியாலம் என்று மனதில் ஒரு கோடு போட்டு, அது தாண்டினால் "இவ்வளவு நேரம் நிண்டாச்சு" என்ற குரலைக் கேளாமல் விலகுங்கள். நல்ல சினேகிதர் கூட நின்றால் கோட்டைக் கொஞ்சம் தள்ளலாம், கதைத்துக்கொண்டு நிற்பதும் ஒரு பொழுதுதானே. லீவு கிடைத்தால் டோக்கியோவை விட்டு ஹொக்கைடோவில் ஒத்தாருவோ, மேற்குக் கரையில் கனசாவாவோ போய்ப் பாருங்கள். கடலோர ஊர்கள், மீன் அவர்களுடைய வாசலில் இறங்குகிறது. வீடியோக்காரர் கண்ணில் படாத நல்ல கடைகள் அங்கே இருக்கின்றன.

தம்பி போய்ப் பத்து நாளாகிறது. போன செவ்வாய்க்கிழமை ஒரு படம் அனுப்பினான். பட்டிக் கடை, அவனுக்கு அங்கே நேரம் பின்னேரம் மூன்றேகால், வாசலில் ஒருவருமில்லை, மேசையில் பதினாலு தட்டு அடுக்கி வைத்திருக்கிறான். படத்தைத் தாயிடம் காட்டினேன். கனநேரம் உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் சரி பிள்ளை, சோறு சாப்பிட்டவனோ?"

பதினாலு தட்டு, தட்டுக்கு இரண்டு துண்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிடி சோறு. ஏறக்குறைய அரைக் கிலோ வரும் என்று கூட்டிச் சொன்னேன். மனுசி முகம் தெளிந்து குசினிக்குள் போனார்.